'ஒரே பெர்மிட், முப்பது மாநிலம்' என்று விற்கிறார்கள், கவனம்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது வேலைக்காகவோ தொழிலுக்காகவோ வேறு மாநிலத்துக்குக் குடிபோவதாக இருந்தால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். கிரீன் கார்டிலும் எச்-1பி விசாவிலும் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

நான் டெக்சாஸில் இருந்தேன். மைத்துனரின் கடையைப் பார்த்துக்கொள்வதற்காகக் குடும்பத்தோடு மிச்சிகனுக்கு மாற வேண்டியிருந்தது. ராத்திரி கடையை மூடிவிட்டுப் பணத்தோடு வீட்டுக்கு வரும் வேலை. அதனால் மிச்சிகனில் துப்பாக்கியை உடையில் மறைத்து எடுத்துச்செல்ல முறையான உரிமம் வேண்டும் என்று தேடினேன். டாலஸ் பக்கம் ஓட்டல் ஹாலை வாடகைக்கு எடுத்து வார இறுதியில் வகுப்பு நடத்தும் ஒரு பயிற்சியாளரின் விளம்பரம் வாட்ஸாப்பில் வந்தது. ஒரு வகுப்பு, ஒரு பெர்மிட், முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள். கைரேகை, போட்டோ, விண்ணப்பம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அவர் விற்றது யூட்டா மாநிலத்தின் நான்-ரெசிடென்ட் பெர்மிட்டுக்கான வகுப்பு. யூட்டா அப்படி ஒன்றைக் கொடுப்பது உண்மைதான். அங்கே குடியிருக்காதவர்களும் வாங்கலாம், ஐந்து வருடம் செல்லும். அவர் சொல்லாமல் விட்ட விஷயங்களில்தான் என் பணமும் காலமும் போயின.

வகுப்பில் நேராகவே கேட்டேன்: இது மிச்சிகனில் செல்லுமா? செல்லும் என்றார். சுவரில் வரைபடத்தைக் காட்டினார், மிச்சிகன் பச்சை நிறத்தில் இருந்தது. டெக்சாஸின் துப்பாக்கி லைசென்ஸும் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் பெர்மிட் இல்லாமலே எடுத்துச்செல்லலாமே, அதற்கு எதற்கு வீண் செலவு என்றார். இந்த இரண்டு பதில்களுமே தவறு. அதிலும் இரண்டாவது பதில்தான் என்னை அதிகம் பாதித்தது.

முதலில் யூட்டாவிலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது. 2011இல் அவர்கள் சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் குடியிருக்கும் மாநிலம் யூட்டா பெர்மிட்டை ஏற்கிறது என்றால், முதலில் உங்கள் சொந்த மாநிலத்தின் பெர்மிட் கையில் இருக்க வேண்டும், அதன் நகலை இணைக்க வேண்டும். டெக்சாஸ் யூட்டாவை ஏற்கும் மாநிலம். எனவே டெக்சாஸ் லைசென்ஸ் இல்லாத டெக்சாஸ்காரர் யாருக்கும் அந்த வகுப்பால் பயன் இல்லை. வருடக்கணக்கில் இதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

சரி, பெர்மிட் வந்திருந்தால்? அப்போதும் மிச்சிகனில் செல்லாது. மிச்சிகன் வெளிமாநில உரிமத்தை ஏற்பது, அதைக் கொடுத்த மாநிலத்திலேயே நீங்கள் குடியிருந்தால் மட்டும்தான். யூட்டாவில் வசிப்பவரின் யூட்டா பெர்மிட் செல்லும், என்னைப் போன்றவரிடம் இருக்கும் நான்-ரெசிடென்ட் பெர்மிட் செல்லாது. கொலராடோவும் இதேபோல நான்-ரெசிடென்ட் பெர்மிட்டை ஏற்பதில்லை. மேரிலாந்து, நியூ ஜெர்சி போன்றவை எந்த வெளிமாநிலப் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. வரைபடத்தின் பச்சை நிறத்துக்கு அடியில் 'அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் இருக்க வேண்டிய வரியை அவர் காட்டிய படத்தில் காணவில்லை.

இதை நம்பி இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தால்? மிச்சிகனில் உரிமம் இல்லாமல் மறைத்து எடுத்துச்செல்வது பெரிய குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. குடியுரிமை இல்லாதவருக்கு ஜெயிலோடும் முடியாது. துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டனை வந்தால், கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்தக் குடியேற்றச் சட்டம் இடம் கொடுக்கிறது. பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்க, அப்பாவை விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்காத இடம் இன்னொன்று. அந்த ஹாலில் நம்மூர்ப் பையன்கள் பலர் எச்-1பியில் இருந்தார்கள். விசா நிலை என்ன என்று ஒருவரைக்கூட அவர் கேட்கவில்லை. எச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய அரசின் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் தொட வேண்டும். தண்டனை பதினைந்து வருடம் வரை போகும். பணத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பையன்களை எங்கே தள்ளப் பார்த்தார் என்று நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

வழியில் எங்கும் தொந்தரவு இல்லை, துப்பாக்கியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள் என்றும் சொன்னார். எங்கள் பாதையில் இல்லினாய் இருந்தது. டெக்சாஸில் பெர்மிட் வேண்டாம் என்ற சலுகை அங்கேயும் அப்படியே செல்லும் என்று நம்ப முடியாது. 1986இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று பயணிக்குப் பாதுகாப்பு தருகிறது: கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கக்கூடியவராக இருந்து, துப்பாக்கியில் தோட்டா இல்லாமல், கை எட்டாதபடி டிக்கியில் வைத்திருந்தால் இடையில் உள்ள மாநிலங்களைக் கடந்து போகலாம். தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி வேண்டும், டேஷ்போர்டு அறை அதற்கு ஆகாது. நான் பெட்டியில் பூட்டி டிக்கியில் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

இப்போது அந்த இரண்டாவது பதிலுக்கு வருகிறேன். மிச்சிகனில் உரிமத்துக்குக் கவுன்ட்டி (மாவட்டம் போன்றது) கிளார்க்கிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 100 டாலர், கைரேகைக்குத் தனியாக. எட்டு மணி நேரப் பயிற்சி, அதில் மூன்று மணி நேரம் துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலில் (ரேஞ்ச்) இருக்க வேண்டும். இதோடு ஆறு மாதம் மிச்சிகனில் குடியிருந்திருக்க வேண்டும். ஆனால் குடிவரும்போதே வேறு மாநிலத்தின் செல்லுபடியாகும் உரிமம் கையில் இருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். டெக்சாஸ் லைசென்ஸுக்கு மாநிலக் கட்டணம் 40 டாலர். 'வீண் செலவு' என்று அவர் தடுத்தது அதைத்தான். அது இருந்திருந்தால் வந்த உடனே விண்ணப்பித்திருப்பேன். இப்போது உரிமம் இல்லாமல், மைத்துனரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ராத்திரி கடையை மூடுகிறேன்.

ரீஃபண்ட் கேட்டதற்கு, வகுப்பு நடந்துவிட்டது, விண்ணப்பத்தை மறுத்தது யூட்டாவின் முடிவு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பதில் வந்தது. அப்புறம் போனையே எடுக்கவில்லை. கிரெடிட் கார்டு நிறுவனத்தில் பணத்தைத் திருப்பித் தரக் கேட்டுத் தகராறு (டிஸ்ப்யூட்) பதிவு செய்திருக்கிறேன், டெக்சாஸ் அட்டர்னி ஜெனரலின் (மாநிலத் தலைமை வழக்கறிஞர்) நுகர்வோர் பிரிவுக்கும் புகார் அனுப்பியிருக்கிறேன்.

குடிபோகும் முன்பு, போகப்போகும் மாநிலத்தின் காவல்துறை இணையதளத்தில் 'நான்-ரெசிடென்ட் பெர்மிட்டை ஏற்கிறீர்களா' என்பதை நீங்களே பாருங்கள், புரியவில்லை என்றால் போன் செய்து கேளுங்கள். இப்போது இருக்கும் மாநிலத்தின் லைசென்ஸை, அங்கே தேவையே இல்லை என்றாலும், கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள். அதே டாலஸ் வகுப்புக்குப் போனவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் தகராறு எழுப்பக் கெடு உண்டு, இந்த வாரமே கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.