மேட்டுப்பாளையம் – ஊட்டி: பல்சக்கரமா, ரோப்காரா, வெற்றிடக் குழாயா?

‘ஹைப்பர்லூப் வந்தால் அஞ்சாறு நிமிஷத்தில் ஊட்டி’ என்று யாராவது சொன்னால் கணக்கு தப்பில்லை. ஹைப்பர்லூப் என்றால் காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் வண்டியை அதிவேகமாக ஓட்டுவது. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நேர்கோட்டில் சுமார் 30 கி.மீ. உட்கார்ந்திருப்பவர் தடுமாறாதபடி நொடிக்கு நொடி ஒரு மீட்டர் வீதம் வேகம் கூட்டி, பாதி வழியிலிருந்து அதே வீதத்தில் குறைத்தால் ஆறு நிமிஷத்துக்குள் முடியும். ஆனால் நடுவில் தொடும் உச்ச வேகம் மணிக்கு 620 கி.மீ.தான். 2013இல் ஈலான் மஸ்க் வெளியிட்ட திட்டத்தின் 1,220 கி.மீ.யை எட்டுவதற்குள் ஊட்டி தாண்டிப் போயிருக்கும். ஷாங்காயில் 2004 முதல் திறந்த வெளியில் ஓடும் காந்த ரயில், 431 கி.மீ. வேகத்தில் ஓடிய நாட்களில் இதே 30 கி.மீ.யை 7 நிமிஷம் 20 நொடியில் கடந்தது. மிச்சம் ஒன்றரை நிமிஷம். அதற்காகத்தான் குழாய், பம்பு எல்லாம்.

அடுத்து வளைவு. மலை ரயில் 46 கி.மீ.யில் 208 வளைவுகளைச் சுற்றி, கல்லாறு – குன்னூர் இடையே பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. 620 கி.மீ. வேகத்தில், தடத்தை 15 பாகை உள்பக்கம் சாய்த்து வைத்தாலும், வளைவின் ஆரம் 8 கி.மீ.க்குக் குறையக் கூடாது. அதாவது மலையைச் சுற்ற வழியில்லை, குடைந்தே போக வேண்டும். சீரான ஏற்றமாக வைத்தால் கல்லாறு பக்கம் தடம் அந்தரத்தில் தொங்கும். குன்னூருக்குக் கீழே முந்நூறு மீட்டருக்கும் அதிக ஆழத்தில் போகும்.

குழாயின் தலைவலி தனி. நாலு மீட்டர் விட்டத்தில் 30 கி.மீ. என்றால் ஏறக்குறைய 3.77 லட்சம் கன மீட்டர் காற்று. நொடிக்கு 10 கன மீட்டர் உறிஞ்சும் பம்புகளை வைத்தாலும், வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறக்க மூன்று நாள் பிடிக்கும், கசிவே இல்லாவிட்டால். இரவுக் குளிருக்கும் பகல் வெயிலுக்கும் 20 பாகை வித்தியாசம் வந்தால் எஃகுக் குழாய் மொத்தத்தில் 7 மீட்டர் நீளும். அந்த அசைவுக்கு இடம் விடும் ஒவ்வொரு இணைப்பும் காற்றுப் புகாமல் நிற்க வேண்டும். 1993இல் குன்னூர் சாலையில் மரப்பாலத்தில் சரிந்த மண்ணையும் 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளையும் நினைத்தால் இது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று புரியும். மலை ரயில் பாதையில் பாறை விழுந்தால் அப்புறப்படுத்திவிட்டுத் தண்டவாளத்தைச் சரிசெய்வார்கள். குழாய் அரை அங்குலம் விலகினால் வெற்றிடம் போச்சு. உள்ளே வண்டி நின்றுவிட்டாலும் காற்றை நிரப்பாமல் கதவைத் திறக்க முடியாது. 3 கி.மீ.க்கு ஒரு அடைப்பான் வைத்தால் அந்தத் துண்டை மட்டும் நிரப்பலாம். மறுபடி காலி செய்ய அதே பம்புகளுக்கு ஏழு மணி நேரம்.

இனி ரோப்கார். பழநியைப் பார்த்து அது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். பொலிவியாவின் லா பாஸ் நகரில் 2014 முதல் பத்துப் பேர் உட்காரும் பெட்டிகள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. 12 நொடிக்கு ஒரு பெட்டி, ஒரு திசையில் மணிக்கு 3,000 பேர். மஸ்க் திட்டத்தில் 28 பேர் வண்டி, சராசரியாக இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. மணிக்கு 840.

இந்தக் கணக்குதான் மலைக்கு முக்கியம். 2025 ஏப்ரல் – ஜூன் சீசனில் வார நாளில் நீலகிரிக்குள் 6,000 வண்டிகளுக்குத்தான் இ-பாஸ் தந்தார்கள். வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் 24,000 பேர். ரோப்கார் எட்டு மணி நேரத்தில் ஏற்றிவிடும். குழாய்க்கு ஒரு நாள் போதாது. ஐந்து மணி நேரம் ஏறும் மலை ரயில் இந்தப் போட்டியிலேயே இல்லை. அதில் போவது ரயிலுக்காகவே.

குழாய்க்கு இடம் சென்னை – கோவை போன்ற நீண்ட சமவெளித் தடம். ஐஐடி மெட்ராஸ் தையூரில் அமைத்த 422 மீட்டர் சோதனைக் குழாய் அதற்கு முதல் படி.

ரோப்காரிலும் ஊட்டிவரை ஒரே கயிறு ஆகாது. மேட்டுப்பாளையம் – குன்னூர் நேர்கோட்டில் 16 கி.மீ.; நாலு துண்டாகப் பிரித்தால் ஓட்டம் மட்டும் 55 நிமிஷம். கல்லாறு யானை வழித்தடத்தில் கோபுரக் கால்களைத் தள்ளி நட வேண்டும், கரண்ட் போனால் பெட்டிகளைக் கரைசேர்க்கத் தனி டீசல் எஞ்சின் வேண்டும். பலத்த காற்றடித்தால் நிறுத்தத்தான் வேண்டும். அந்த நாட்களுக்குக் குன்னூரில் பஸ் தயாராக நிற்கட்டும்.