வாட்ச் வாங்கும்போது பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள்

தங்கையின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் போடுவதற்காகக் கண்டியில் ஒரு கடையில் கைக்கடிகாரம் வாங்கினோம். மச்சான் நுவரெலியாவில் ஆசிரியர். சட்டைக் கைக்குள் அடங்கும் மெல்லிய வாட்ச்தான் அவருக்குப் பிடிக்கும். எண்கள் இல்லாமல் கோடுகள் மட்டும் போட்ட வெள்ளை முகப்பு, கறுப்புத் தோல் பட்டி என்று இரண்டு அகப்பட்டன. ஒன்று சாதாரண பற்றரியில் ஓடும் சுவிஸ் குவார்ட்ஸ். மற்றது சிட்டிசன் எகோ-டிரைவ். முகப்பின் வழியாக ஒளியை வாங்கி, உள்ளே இருக்கும் மீள்மின்னேற்றக் கலத்தில் சேமித்து ஓடுவது.

என் கண் சுவிஸ் வாட்ச்சில்தான் இருந்தது. பற்றரி தீர்ந்தால் ஹட்டனிலேயே மாற்றிக்கொள்ளலாம். முதலாளி விடவில்லை. "தம்பி, இதற்கு ஆயுளுக்கும் பற்றரி மாற்றத் தேவையில்லை" என்று எகோ-டிரைவைத் தலையில் கட்டினார்.

மாமனார் வீட்டுச் சீர் என்பதால் மச்சான் வாயே திறக்கவில்லை, பாவம். தங்கைதான் சொன்னாள்: விநாடி முள் இரண்டிரண்டு விநாடியாகத் தாவுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. மின்னேற்றம் குறைந்துவிட்டது என்பதற்கு அந்த வகை வாட்ச் காட்டும் அடையாளம் அது.

கடையில் கேட்டால், "நுவரெலியாப் பனியில் இப்படித்தான். ஸ்வெட்டர் கைக்குள் கிடந்தால் எப்படி ஓடும்?" என்றார் முதலாளி. கேட்பதற்கு நியாயமாக இருந்தது. கை மூடியிருந்தால் ஒளி போதாது என்பதும் உண்மைதான். ஆனால் மேகம் மூடிய பகலில்கூட வெளியே சுமார் 10,000 லக்ஸ் ஒளி இருக்கும். அலுவலக மேசையில் 500 அளவுதான். பழியைப் போடப் பனியும் அப்போது இல்லை, மாசி மாதத்து வெயில். ஜன்னலோரம் நாள் முழுக்க வைத்தும் முள் அசையவில்லை. முழு மின்னேற்றத்தில் இருட்டிலேயே மாதக்கணக்கில் ஓடவேண்டிய சாமான்!

ஹட்டனில் படிக்கட்டுக்குக் கீழே கடை போட்டிருக்கும் வாட்ச் திருத்துபவரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறக்கும் பள்ளத்தருகே கத்தி வழுக்கிய கீறல்கள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. அவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மூடியை நெம்பினார். உள்ளே மீள்மின்னேற்றக் கலம் இருக்கவேண்டிய இடத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கிற பட்டன் பற்றரி. மின்னேற்றக் கூடாத அந்தப் பற்றரிக்கு ஒளி படும்போதெல்லாம் மின்சாரம் போயிருக்கிறது. விளிம்பில் வெள்ளையாகக் கசிந்திருந்தது. "கம்பனி இதைப் போடாது தம்பி, இது யாரோ திறந்த வாட்ச்" என்றார். பழசைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள்.

பற்றரியை மேசையில் வைத்ததும் முதலாளியின் குரல் மாறியது. 'விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டினார். பிறகு, மேலதிகப் பணம் கட்டினால் அந்தச் சுவிஸ் வாட்ச்சைத் தருவதாகப் பெருந்தன்மையோடு சொன்னார். முதல் நாளே நான் கேட்டது அதைத்தான் ஐயா!

மெல்லிய வாட்ச் எதுவானாலும் பின்மூடியின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உத்தரவாத அட்டையிலும் மூடியிலும் ஒரே தொடரிலக்கம் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். எங்கள் அட்டையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. பில்லில் வெறுமனே 'வாட்ச் 1' என்று எழுத விடாமல் மாதிரி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பில், அட்டை, கசிந்த பற்றரி மூன்றையும் வைத்து நுகர்வோர் விவகார அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977.