வேலூர்ப் பக்கம் விடிய விடியக் கூத்து

கோடை விடுமுறைக்கு வேலூர் வருகிற எங்களைப் போன்ற வெளிநாட்டுவாசிகளின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கோட்டை, அதற்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில், ஸ்ரீபுரம் பொற்கோயில், நேரம் இருந்தால் இரத்தினகிரி, மீதி நாட்களில் உறவினர் வீட்டு விசேஷங்கள். அதே மாதங்களில், நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் டவுன் பஸ்ஸில் போனால் எட்டிவிடும் தொலைவில், திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி வெயில் ஏறும் வரை, மகாபாரதக் கதையை ஆடிப் பாடி நடிக்கும் பாரதக் கூத்து நடந்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் குடியேறிய பிறகு மேடை நாடகங்களைத் தவறாமல் பார்த்துவருகிற நான், இந்தமுறை ஊருக்கு வந்தபோது கூத்து பார்ப்பதற்கென்றே நாட்களை ஒதுக்கினேன். பார்த்ததையும், பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே என்ன வசதி உண்டு, என்ன இல்லை என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

அணைக்கட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில் பாரதத் திருவிழாவில், சூதாட்டமும் திரௌபதியின் துகிலுரிதலும் வருகிற பகடை துகிலும், துரியோதனன் வீழ்வதைக் காட்டும் கடைசி நாள் காலைப் படுகளமும் பார்த்தேன். கலவைக்கு அருகே ஒரு உறவினரின் கருமாதி அன்று இரவு, கர்ணனின் கடைசிப் போரைச் சொல்லும் கர்ண மோட்சம் பார்த்தேன். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு பாதியான வேலூர், 2019இல் மறுபடியும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆனால் செட்டுகள் எனப்படும் கூத்துக் குழுக்கள் இந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. செய்யாற்றுப் பக்கத்துச் செட்டு அணைக்கட்டுக்கு வருகிறது, முகவீணை என்ற சிறு குழல் வாசிக்கிற ஆற்காட்டுப் பக்கத்துக் கலைஞர் காஞ்சிபுரம் வரை போகிறார். கூத்தைப் பொறுத்தவரை வட ஆற்காடு இன்னும் ஒரே ஊர்தான்.

பயணத்தில் சிரமம் இல்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து, வேலூருக்கு இறங்க வேண்டிய ரயில் நிலையமான காட்பாடி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பெங்களூர், கோவை வழி ரயில்கள் நாள் முழுவதும் இருக்கின்றன. தங்குவதுதான் சற்றுக் கடினம். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகள் மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற நோயாளிகளாலும் அவர்களுடன் வருகிற குடும்பத்தாராலும் நிறைந்திருக்கின்றன. அந்தத் தெருக்களில் கடைப் பலகைகளே வங்காளத்திலும் இந்தியிலும்தான் இருக்கின்றன. உறவினர் வீடு இல்லாதவர்கள் காட்பாடிப் பக்கம் அறை தேடுவது நல்லது.

எந்த ஊரில் எந்த நாள் என்ன கூத்து என்பதை இணையத்தில் தேடிப் பயனில்லை. திருவிழா நோட்டீஸ் அடித்து, டீக்கடைச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுகிறார்கள். கொடியேற்றம், பிற்பகலில் வில்லிபுத்தூராரின் மகாபாரதமான வில்லி பாரதத்தைப் பாடி விளக்கும் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, இடையில் ஒரு பகலில் அர்ச்சுனன் தபசு, இறுதியில் படுகளம், மாலையில் தீமிதி, மறுநாள் தருமர் பட்டாபிஷேகம் என்று எல்லாமே நாள்வாரியாக அதில் இருக்கும். பிற்பகலில் பிரசங்கியார் சொல்லி நிறுத்திய இடத்தை ஒட்டியே இரவில் கூத்து வருகிறது. ஆகையால் அந்தச் சொற்பொழிவையும் கேட்டுவிட்டுப் போனால் கதை புரியாமல் தவிக்க வேண்டியதில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிகள் பகலில் கேட்ட பாட்டை இரவில் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

கூத்து நடக்கும் களரி கோயிலுக்கு எதிரே உள்ள மண் தரைதான். ஒரு பக்கம் பெஞ்சுப் பலகையில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை. மற்ற மூன்று பக்கமும் நாங்கள். பெரும்பாலோர் வீட்டிலிருந்து பாயும் தலையணையும் கொண்டுவந்திருந்தார்கள். பின்வரிசையில் வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதியவர்களுக்கு அவற்றைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்கள். குடிநீர்த் தொட்டி இருந்தது. நள்ளிரவுக்கு மேல் கோயில் சார்பில் சுக்குக் காபி கொடுத்தார்கள். வெளியூர் ஆள் என்று தெரிந்ததும் பாயில் நகர்ந்து, “உக்காருப்பா, இப்பதான் திரை புடிக்கிறாங்க, ஒண்ணும் போவல” என்று இடம் கொடுத்த பெரியவரின் அன்பை எந்த அரங்கின் நுழைவாயிலிலும் நான் கண்டதில்லை.

கழிப்பறை விஷயத்தில் மட்டும் நிலைமை மோசம். எட்டு மணி நேரம் அமர்ந்து பார்க்கிற கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். அருகிலேயே ஒரு பள்ளிக்கூடத்தின் கழிப்பறைகள் இருந்தும் அவை பூட்டியே கிடந்தன. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு என் அத்தை மூன்று பேரிடம் அலைந்தார். தீமிதிக்குத் தீயணைப்பு வண்டியை வரவழைத்து நிறுத்தத் தெரிந்த ஊருக்கு, அந்தப் பூட்டைத் திறந்து வைப்பது ஒரு வேலையே அல்ல. வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு நன்கொடை அனுப்புகிறவர்கள் இதற்கென்று குறிப்பிட்டு அனுப்பினால், அடுத்த ஆண்டே இது சரியாகிவிடும் என்று நம்புகிறேன்.

இனி கூத்துக்கு வருகிறேன். தொடங்குவதற்கு முன் வேடம் கட்டும் இடத்தைப் பார்க்க விரும்புவதாகச் சொன்னதும் வாத்தியார் தடை சொல்லவில்லை. ஓலைக் கொட்டகை, தரையில் கோணிப்பை, ஆளுக்கொரு கைக்கண்ணாடி. யாரும் யாருக்கும் ஒப்பனை செய்வதில்லை; ஒவ்வொருவரும் தானே அரிதாரம் பூசி, தானே புருவம் வரைகிறார். துரியோதனன் வேடக்காரர் முகம் முழுவதும் சிவப்பைப் பூசி, அதன்மேல் ஈர்க்குச்சியால் வெள்ளைப் புள்ளிகளை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னத்துப் புள்ளி மறு கன்னத்துப் புள்ளிக்குச் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாள்களும் ஒட்டிய அணிகள் அவை. கயிற்றால் இறுக்கிக் கட்டும்போது தோளில் அழுந்திய பழைய தழும்புகள் தெரிந்தன. எல்லாம் கட்டி முடித்ததும் சலங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தார். வேர்க்கடலை உரிப்பு வேலைக்குப் போகிறேன் என்று சற்று முன் என்னிடம் பேசிக்கொண்டிருந்த மனிதரின் நடையே அப்போது மாறிவிட்டது.

பகடை துகிலில் திரை வரவு மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, அதன் பின்னாலிருந்து துரியோதனன் விருத்தம் பாடுகிறான். முதலில் சலங்கைக் கால் மட்டும் தெரிகிறது, பிறகு கிரீடத்தின் நுனி, பிறகு முகத்தில் பாதி. திரை விலகியதும் களரியைச் சுற்றிக் கிறுகிறுவென்று கிறிக்கி அடித்துவந்து நின்று, ‘நான் யார் தெரியுமா’ என்று கூத்தின் கோமாளியான கட்டியக்காரனைக் கேட்கிறான். மண்ணிலிருந்து எழுந்த புழுதி என் மேல் படிந்தது. மின்விளக்கு வெளிச்சத்தில் அந்த ஆடையின் கண்ணாடிகள் சுழன்றபோது, குழந்தைகள் தாய்மார் மடிக்குள் ஒதுங்கியதையும் பார்த்தேன்.

கட்டியக்காரனுக்குத்தான் அன்று அதிகக் கைதட்டல். நூறு நாள் வேலை அட்டை, ரேஷன் கடை வரிசை, உள்ளூர்ப் பஞ்சாயத்துச் சங்கதி எல்லாவற்றையும் அஸ்தினாபுரத்துச் சபைக்குள் கொண்டுவந்து சிரிக்கவைத்தார். ஆனால் என்னை உலுக்கியது துகிலுரியும் கட்டத்தில் அவர் சொன்ன ஒரே ஒரு வரி. திரௌபதி நியாயம் கேட்டு முடித்து, பீஷ்மரும் துரோணரும் தலை குனிந்து நிற்க, அதுவரை குதித்துக்கொண்டிருந்த கட்டியக்காரன் அசையாமல் நின்று எங்கள் பக்கம் திரும்பி, “இத்தினி பேரு உக்காந்துகினு கீறீங்க, ஒருத்தரு கூட வாயத் தொறக்க மாட்றீங்களே!” என்றார். சபையோரைக் கேட்டாரா, எங்களைக் கேட்டாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு துச்சாதனன் வேடக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் கோயிலைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். கற்பூரம் ஏற்றினார்கள். திரௌபதியாக நின்ற ஆண் நடிகர் கையைத் தலைக்கு மேல் குவித்து ‘கோவிந்தா’ என்று பாட, பாயில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று ‘கோவிந்தா, கோவிந்தா’ என்றார்கள். என் அத்தையும் கண்ணீருடன் சொன்னார். நானும் சொன்னேன். நாடகம் பார்க்கிறவனாக இருந்து, அந்தச் சபையில் நிற்கிறவனாக மாறியது எந்த நொடியில் என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நகரத்து அரங்குகளில் இதே கட்டத்தை இருபது நிமிடத்துக்குச் சுருக்கி நடித்துப் பார்த்திருக்கிறேன். அடவு சுத்தமாக இருக்கும், பாட்டும் நன்றாக இருக்கும், ஆனால் இந்த நிலை வராது. இரவு பத்திலிருந்து மூன்று மணி வரை அவளோடும் அவள் கணவன்மாரோடும் உட்கார்ந்திருந்தால்தான் அவளுடைய குரல் நமக்குள் இப்படி இறங்கும்.

ஒலி ஏற்பாட்டைப் பற்றி மனக்குறை உண்டு. களரியின் நடுவே கயிற்றில் மைக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாட வேண்டியவர் அதன் கீழேயே நிற்க வேண்டியிருக்கிறது. களரி முழுவதும் சுற்றியாட வேண்டியவர் இரண்டடிக்குள் அடங்கிப்போகிறார். கூம்பு ஒலிபெருக்கியின் இரைச்சலில் முகவீணையின் கீச்சென்ற இனிமையும் பின்பாட்டுக்காரர்களின் குரலும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. நடிகரின் உடையில் பொருத்துகிற சிறிய மைக் இன்று கல்யாண மண்டபத்துக்கே வந்துவிட்டது. அதை விழாக் குழுக்கள் வாடகைக்கு எடுக்கத் தொடங்கினால் கூத்துக்குப் பழைய களரி திரும்பக் கிடைக்கும். இன்னொன்று அன்பளிப்பு அறிவிப்பு. பத்து ரூபாய் கொடுத்தாலும் ஊர், பெயர், உறவு எல்லாம் சொல்லி வாழ்த்துகிறார்கள். கலைஞருக்குக் கிடைக்கிற பணம் அது; வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் திரௌபதி சபதம் எடுக்கிற இடத்தில் பாட்டை நிறுத்தி அறிவிப்பது, அவ்வளவு நேரம் கட்டியெழுப்பியதை அவர்களே கலைப்பதாகும். காட்சி முடிவில் மொத்தமாகப் படித்தால் கொடுத்தவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கர்ண மோட்சம் வேறு வகையான இரவு. இந்தப் பகுதியில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். அங்கே நோட்டீஸ் இல்லை, நாற்காலிகள் குறைவு, பார்த்தவர்கள் பெரும்பாலும் பங்காளிகளும் சம்பந்திகளும். தேரோட்டி மகன் என்று கர்ணனை மதிக்காத மனைவி பொன்னுருவியிடம், பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் அவன் விடைபெற வருகிற காட்சிதான் இந்தக் கூத்தின் உயிர். அன்று கர்ணன் கட்டியவருக்கு அறுபது வயதாவது இருக்கும். குரல் உச்சியில் உடைந்தது. ஆனால் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது அவர் சும்மா நின்ற நிலையை எந்த இளைஞராலும் நின்றிருக்க முடியாது. விடியும் நேரத்தில், தேர்ச்சக்கரம் அழுந்திய பிறகு, கிருஷ்ணன் வந்து செய்த புண்ணியம் அத்தனையையும் தானமாகக் கேட்கிறான். கர்ணன் கொடுக்கிறான். அந்த இடத்தில் இறந்தவரின் படத்தைக் களரி ஓரத்துக்குக் கொண்டுவந்து, பிள்ளைகள் கற்பூரம் காட்டினார்கள். பதினாறு நாளும் அழாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த மூத்த மகன் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

படுகளம் பகலில் நடப்பதால் குழந்தைகளை அழைத்துப்போக ஏற்றது. பல அடி நீளத்துக்குத் துரியோதனனை மண்ணால் படுத்த நிலையில் செய்து, வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள். பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தின் மேலும் சுற்றிலும் ஓடிச் சண்டையிட, தொடை பிளந்த பிறகு திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். வெயில் மட்டும் கடுமை. குடையும் தண்ணீரும் அவசியம்.

பெண் வேடங்களில் இன்னும் ஆண்களே அதிகம். இந்தக் கூத்துக்குக் கட்டைக்கூத்து என்றும் பெயர். காஞ்சிபுரத்தில் 1990இல் கலைஞர்கள் சேர்ந்து அமைத்த கட்டைக்கூத்துச் சங்கம், பின்னர் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்பித்தது. நான் பார்த்த செட்டுகளில் பெண் கலைஞர் யாரும் இல்லை. சபையில் நின்று நியாயம் கேட்கிற அந்த வேடத்தை ஒரு பெண் கட்டி, எங்கள் அத்தைமார் முன்னால் ஆடுவதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு செய்தி. பாய், போர்வை, கொசுவத்தி எடுத்துச் செல்லுங்கள். நள்ளிரவில் எழுந்துவிட வேண்டாம். கதையின் கனமான பகுதி இரண்டு மணிக்கு மேல்தான் வருகிறது, திரும்புவதற்கும் காலை முதல் பஸ் வரை வண்டி கிடைக்காது. கலைஞருக்குப் பணம் தர விரும்பினால், கூத்து முடிந்து அரிதாரம் கலைக்கும்போது கொட்டகைக்குப் போய்க் கையில் கொடுங்கள். முகவீணைக்காரரையும் பின்பாட்டுக்காரர்களையும் மறந்துவிடாதீர்கள். திருவிழாத் தேதி கொடியேற்றத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஊரில் முடிவாகிவிடுகிறது. உறவினர் யாரிடமாவது சொல்லிவைத்து, பகடை துகிலும் படுகளமும் எந்த நாளில் வருகின்றன என்று கேட்டுக்கொண்ட பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.