நெல்லை வண்ணார்பேட்டை வக்கீலம்மா

நான் நர்ஸ். என் டியூட்டியில் ஃபென்டானில் என்ற போதை வகை வலிமருந்தின் ஆம்பியூல் (சிறு கண்ணாடிக் குப்பி) ஒன்று கணக்கில் குறைந்தது. உடைந்ததுதான், ஆனால் சாட்சிக் கையெழுத்து வாங்காதது என் தப்பு. திருடிவிட்டேன் என்று சென்னையிலுள்ள நர்சுகள் கவுன்சிலுக்கே புகார் போய்விட்டது. அழுதுகொண்டே வக்கீலம்மாவைப் பார்க்க மாடி ஏறினேன்.

"அழுதது போதும்மா. அந்த ராத்திரி டியூட்டி ரோஸ்டர எங்க வச்சிருக்கிய?" அதுதான் வக்கீலம்மாவின் முதல் கேள்வி.

போதை மருந்து ரெஜிஸ்டர் நகலில் விரல் வைத்து வரிவரியாக வாசித்தார். அதே வாரத்தில் இன்னும் மூன்று இடத்தில் சாட்சிக் கையெழுத்து இல்லை, பென்சிலால் வட்டமிட்டார். கவுன்சிலின் நர்சுகள் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குமுன் நம் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று 1926ஆம் ஆண்டு நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டப் புத்தகத்தைப் புரட்டியபடி சொன்னார். விசாரணைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் கூடவே வந்தார், டிக்கெட் காசு தனி. எச்சரிக்கையோடு முடிந்தது.

போன் மட்டும் எடுக்கவே மாட்டார். சாயங்காலம் நேரில் போய் உட்காருங்கள்.