நஃபியானை விட மண்சட்டி மேல்: நுண்ணுயிர் மின்கலத்தோடு 14 மாதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 14 மாதமாக ஒரு நுண்ணுயிர் மின்கலம் ஓடுகிறது. ஆற்றுச் சேற்றிலுள்ள பாக்டீரியா கழிவைத் தின்று எலக்ட்ரானை வெளியே விடும், அதைக் கம்பி வழியே எடுக்கிறோம். 1911லேயே இங்கிலாந்தில் எம். சி. பாட்டர் செய்து காட்டியதுதான். பாடுபடுத்துவது சேற்றுப் பக்க மின்முனைக்கும் காற்றுப் பக்க மின்முனைக்கும் நடுவில் வைக்கும் சவ்வு. எலக்ட்ரானோடு சேர்ந்து உண்டாகும் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) வெளியே போக வேண்டும், ஆக்சிஜன் உள்ளே வரக் கூடாது.

முதலில் சவ்வுக்குப் பதிலாகக் கடல்பாசியை உப்புத் தண்ணீரில் காய்ச்சிக் குழாயில் ஊற்றி ஒரு பாலம் செய்தேன். சும்மா அளந்தால் 0.6 வோல்ட், 1000 ஓம் மின்தடையை மாட்டினால் 0.05. மூன்றே வாரத்தில் பூஞ்சை.

அப்புறம் உள்ளங்கை அளவு நஃபியான் 117 (புரோட்டானைக் கடத்தும் பிளாஸ்டிக் சவ்வு) வாங்கினேன், நல்ல விலை. 80 டிகிரியில் ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீர், நீர்த்த கந்தக அமிலம், மறுபடி தண்ணீர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் வைத்தெடுக்க வேண்டும் (பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள்). இரண்டு மாதம் அருமையாக ஓடியது, பிறகு இறங்கிக்கொண்டே போனது. காரணம் புரிய எனக்கு நாளானது: சேற்று நீர் பிஎச் 7ஐ (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) ஒட்டியே இருக்கும், அதில் புரோட்டானைவிட சோடியமும் பொட்டாசியமும் லட்சம் மடங்கு அதிகம், ஆகவே சவ்வில் புரோட்டானுக்கான இடத்தை அவைதான் பிடித்துக்கொள்கின்றன, உள்பக்கம் மெல்லப் புளித்துப் போகிறது. மேலே பாசிபோல் ஒரு படலம் வேறு.

கடைசியில் நர்சரியில் வாங்கிய மெருகு பூசாத மண்சட்டி. அடி ஓட்டையை எப்பாக்சியால் அடைத்து, உள்ளே சேறும் கார்பன் ஃபெல்ட்டும் (கம்பளம் போன்ற கார்பன் விரிப்பு) போட்டு, வெளியே கார்பன் துணியைச் சுற்றினேன், இரண்டும்தான் மின்முனைகள். முதல் நாள் மீட்டர் முள் அசையவே இல்லை. ஆயா (என் பாட்டி) பார்த்துவிட்டு, "புதுப் பானையை ஊறப் போடாம யாராவது பொங்கல் வைப்பாங்களா?" என்றார். இரவு முழுக்க ஊறவைத்தேன். சுவரின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்தால்தானே அயனிகள் கடக்கும்!

அதே 1000 ஓமில் இப்போது 0.32 வோல்ட், அதாவது மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்கு. லோட் ஷெட்டிங் என்னும் மின்வெட்டு நேரத்தில் விளக்கெரிக்க இது போதாது, ஆனால் 9 மாதமாக ஒரே சட்டி. ஜூலைக் குளிரில் 0.2க்கு இறங்கும், வெயில் வந்தால் ஏறிவிடும். சுவர் தடித்தால் மின்தடை கூடும், ரொம்ப மெலிந்தால் ஆக்சிஜன் புகும், எனக்கு 4 மில்லிமீட்டர் ஒத்துவந்தது. வெளியே வெள்ளையாக உப்புப் பூக்கும். வாரம் ஒருமுறை துணியைக் கழற்றி, வினிகரில் நனைத்த பிரஷால் தேய்த்துக் கழுவிவிடுங்கள், விட்டுவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும்.