பாதரசம் இல்லாத யூவி விளக்கு: ஹெச்பிஎல்சி ஆய்வகத்திலிருந்து ஓர் அனுபவம்

சென்னைப் புறநகரில் மருந்து மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகம் எங்களுடையது. ஹெச்பிஎல்சி என்பது கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்து அளக்கும் கருவி. அதில் ஓடும் திரவமான மொபைல் ஃபேஸ் கலக்கவும், ஒப்பிட்டுப் பார்க்கும் கரைசலான ஸ்டாண்டர்ட் தயாரிக்கவும் ஒரே தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைத்தான் நம்பியிருக்கிறோம். பழையது தேய்ந்துபோனதும் பாதரசம் இல்லாத யூவி விளக்கு வைத்த இயந்திரத்துக்கு மாறினோம். விற்க வந்தவர் வாயைத் திறந்தாலே 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது'தான். விலையைக் கேட்டதும் மேலாளர் முகம் போன போக்கு தனிக் கதை. இப்போது சில வருடங்கள் ஓட்டியாயிற்று.

இந்த இயந்திரங்களில் யூவிக்கு இரண்டு வேலை. கிருமியைக் கொல்வது ஒன்று, தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களை உடைப்பது இன்னொன்று. பழைய பாதரசக் குழாய் 254 நானோமீட்டரில் முதல் வேலையையும் 185-இல் இரண்டாவதையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். எங்கள் புது இயந்திரத்தில் வேலை பிரிந்துவிட்டது: கரிமத்துக்கு 172 நானோமீட்டரில் ஒளிரும், செனான் வாயு நிரப்பிய எக்ஸைமர் விளக்கு, சேமிப்புத் தொட்டியில் கிருமிக்கு 265-ஐ ஒட்டிய எல்இடி. டிஎன்ஏ அதிகம் உறிஞ்சுவது 260 முதல் 265 வரை என்பதால் எல்இடியின் குறி சரியான இடத்தில்தான் விழுகிறது.

சரி, தண்ணீர் எப்படி? திரையில் மின்தடை 18.2 மெகாஓம் வந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் அயனிகளைப் பற்றி மட்டுமே பேசும். மின்னேற்றம் இல்லாத கரிமப் பொருள் அதில் தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது பிளாங்க் கிரேடியன்ட்தான், அதாவது மாதிரி போடாமல், தண்ணீரைக் குறைத்துக் கரைப்பானை ஏற்றிக்கொண்டே போகும் ஓட்டம். தண்ணீர் அதிகமாக ஓடும்போது அதிலுள்ள அழுக்கெல்லாம் சி18 காலம் (column) எனும் பிரிப்புக் குழாயின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். கரைப்பானான அசிட்டோநைட்ரைல் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழன்று வரும். 210 நானோமீட்டரில் பார்த்தால், மாதிரியே போடாத ஓட்டத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டி மேடுகள். பழைய விளக்கு ஆயுள் முடியும் தறுவாயில் இந்த மேடுகளோடு மல்லுக்கட்டியே மாலைகள் போயின. அது கலப்படமா, தண்ணீரா என்று வாடிக்கையாளருக்கு விளக்கம் வேறு எழுத வேண்டும். புது இயந்திரத்தில் பிளாங்க் தட்டையாக வருகிறது. டிஓசி, அதாவது தண்ணீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பன், 5 பிபிபி-க்குக் (நூறு கோடியில் 5 பங்குக்குக்) கீழேயே நிற்கிறது. இதை முழுக்க விளக்கின் கணக்கில் எழுத மாட்டேன், அயனிகளைப் பிடிக்கும் ரெசின் காட்ரிட்ஜும் புதுசு. ஆனால் காட்ரிட்ஜ் மாற்றும் நாள் நெருங்கும்போதும் மேடு தலைகாட்டவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, போட்டவுடன் எரிவது. பாதரச விளக்கு சூடேறி முழு ஒளிக்கு வர நேரம் எடுக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறினால் மறுபடி காத்திருக்க வேண்டும். அதற்காகவே நாள் முழுக்க எரியவிட்டிருந்தோம், தண்ணீரும் வெதுவெதுப்பாகும். எக்ஸைமர், தண்ணீர் பிடிக்கும்போது எரிந்து, பிடித்து முடிந்ததும் அணைந்துவிடுகிறது.

மின்சாரம் மிச்சமாவதும் இதனால்தான், எல்இடி என்பதால் அல்ல. பாதரசக் குழாய் வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை யூவி ஒளியாக்கும், யூவி-சி எல்இடியோ சில சதவீதம்தான். எல்இடி என்றாலே சிக்கனம் என்பது வீட்டு பல்புக்குப் பொருந்தும் கணக்கு.

பாதரசம் போனது நிஜமான நிம்மதி. 2013-இல் கையெழுத்தாகி 2017-இல் நடைமுறைக்கு வந்த, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. ஒரு விளக்கில் சில மில்லிகிராம்தான் இருக்கும் என்றாலும், கழற்றிய குழாய்களை உடையாமல் பொதிந்து, அபாயக் கழிவுப் பதிவேட்டில் ஏற்றி, வண்டி வரும்வரை அலமாரியில் காத்துக்கொண்டிருந்த வேலை இப்போது இல்லை.

குறை? முதலில் பூட்டு. விளக்கில் சிப் இருக்கிறது. அந்த கம்பெனி விளக்கைத் தவிர வேறெதையும் இயந்திரம் ஏற்காது. விலை அவர்கள் சொல்வதுதான், வந்து சேர வாரக்கணக்கில் ஆகிறது. இன்னொன்று, 172 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீர் ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைவான ஆழத்திலேயே உறிஞ்சிவிடும். விளக்கைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறையையே அதற்கேற்ப வடிவமைக்க வேண்டும் என்பதால், பழைய இயந்திரத்தில் விளக்கை மட்டும் மாற்றிக்கொள்ள வழியில்லை.

அப்புறம், பசுமை பேசுகிறவர்கள் விளக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கள் போர் தண்ணீர் கடுமையான உப்பு. முன்னால் இருக்கும் ஆர்ஓ தள்ளும் கழிவுநீரைப் பார்த்தால் வயிறு எரியும். விளம்பரத்தாளில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிளம்பரைக் கூப்பிட்டு ஒரு குழாய் போட்டு, அதைக் கழிவறைத் தொட்டிக்குத் திருப்பியிருக்கிறோம். என் கணக்கில் விளக்கை விட இந்தக் குழாய்க்கே மதிப்பெண் அதிகம்.

கண்ணாடிக் கலன் கழுவவும் பஃபர் கலக்கவும் மட்டும் தண்ணீர் வேண்டுமென்றால் இவ்வளவு செலவு தேவையில்லை. ஹெச்பிஎல்சியோ, அதோடு நிறைமானி சேர்ந்த எல்சிஎம்எஸ்ஸோ ஓட்டுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆர்டர் போடும் முன் டெமோ இயந்திரத்தின் தண்ணீரில் உங்கள் பிரிப்புக் குழாயிலேயே ஒரு பிளாங்க் ஓட்டிப் பாருங்கள். மாற்று விளக்கின் விலையையும் ஐந்து வருடத்துக்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.