ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

சென்னையில் நாட்டு வேட்டைநாய் வளர்க்க ஆசைப்படுபவர்கள் பலர் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கிறார்கள்.

வேலை: ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. சிப்பிப்பாறை முயலை விரட்டிப் பிடிக்கும்.

குணம்: இரண்டுமே வீட்டில் ஒருவரிடம்தான் முழுசாக ஒட்டும். ராஜபாளையம் அந்நியரை லேசில் கிட்டே விடாது. பால்காரர், கூரியர் பையன், விருந்தாளி யாராக இருந்தாலும் சரி. குட்டியிலேயே ஆட்களோடு பழக்காவிட்டால் அப்புறம் அவ்வளவு பெரிய நாயை அடக்குவது கஷ்டம். சிப்பிப்பாறை வீட்டுக்குள் சத்தமில்லாமல் படுத்திருக்கும். ஆனால் தெருவில் பூனை ஓடினால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. வார் இல்லாமல் கூட்டிப் போகவே போகாதீர்கள்.

வெயில்: ராஜபாளையத்தின் வெள்ளை முடிக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல், சித்திரை வெயில் சுட்டுவிடும். சிப்பிப்பாறை கொஞ்சம் தாங்கும்.

உடல்நலம்: ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. வாங்கும் முன் குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

தாம்பரம் பக்கம் உயரமான மதிலோடு தனிவீடு என்றால் ராஜபாளையம். ஃப்ளாட்தான், ஆனால் தினமும் விடியலில் ஓட வைக்க முடியும் என்றால் சிப்பிப்பாறை. காலை முதல் இரவு வரை பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம்.